தோன்றா எழுவாய்: சமையற்குறிப்புகளுக்குள் இருக்கும் பெண்கள்

சமையற்குறிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் சொல்லப்படும் பண்டத்தை மறந்துவிட்டு, வாக்கியங்களை மட்டும் பாருங்கள். "எண்ணெயைக் காய வைக்கவும். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும். தீயைத் தணித்து மூடி வைக்கவும்." மூன்றிலும் வினை இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது, செய்கிறவர் மட்டும் இல்லை. இலக்கணத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்பார்கள். எழுவாய் உண்டு, ஆனால் வெளிப்படையாகத் தெரியாது என்பது அதன் பொருள். சமையலைப் பற்றிப் பெண்ணியம் எழுப்பும் கேள்விகள் பலவாக இருந்தாலும், அவற்றின் அடியில் கிடப்பது இந்த எழுவாயைத் தேடும் வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வதக்கியவர் யார், யாருக்காக வதக்கினார், அந்தப் பக்குவத்தை யாரிடம் கற்றார், அவர் பெயர் ஏன் அந்தத் தாளில் இல்லை என்ற கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால், இந்தத் துறைக்குள் புதிதாக நுழைகிறவர் வழி தவற மாட்டார்.

பெண்ணியம் என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பெண்ணாகப் பிறந்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் மீது சுமத்தப்படும் கடமைகளையும் அவருக்கு மறுக்கப்படும் உரிமைகளையும் இயற்கை என்று ஒப்புக்கொள்ளாமல், அவை எப்படி உண்டாயின, யாருக்கு ஆதாயம் தருகின்றன, எப்படி மாற்றலாம் என்று கேட்கும் சிந்தனைக்கும் அதைச் செயலாக்கும் இயக்கங்களுக்கும் பொதுவான பெயர் அது. பிள்ளை பெறுவதும் பாலூட்டுவதும் உடலோடு சேர்ந்தவை. சமைப்பது அப்படிப்பட்டதன்று. வெங்காயம் நறுக்கக் கையும் கத்தியும் இருந்தால் போதும், கை யாருடையது என்று வெங்காயம் கேட்பதில்லை. அப்படியிருந்தும் உலகின் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கை பெண்ணுடையதாகவே இருந்து வந்திருக்கிறது என்றால், அதற்குக் காரணத்தை உடலில் தேடிப் பயனில்லை, ஏற்பாட்டில்தான் தேட வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் அளவைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டுச் சொன்னது. 64 நாடுகளின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகளை வைத்துப் பார்த்தபோது, சமையல், வீட்டு வேலை, குழந்தைகளையும் முதியவர்களையும் நோயாளிகளையும் கவனிப்பது ஆகிய ஊதியமற்ற வேலைகளுக்கு ஒரு நாளில் செலவாகும் நேரம் 1,640 கோடி மணி என்று தெரிந்தது. 200 கோடிப் பேர் சம்பளமே வாங்காமல் நாள்தோறும் 8 மணி நேரம் உழைப்பதற்கு இது சமம். அதில் 76.2 சதவீதம் பெண்களின் உழைப்பு. உணவகத்தில் ஒருவர் சமைத்துப் பரிமாறினால் அது நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் ஏறும், அதே உணவை வீட்டில் ஆக்கிப் போட்டால் ஏறாது.

அடுப்பருகே நிற்கும் நேரம் இதில் ஒரு பகுதிதான். நாளைக்கு என்ன சமைப்பது, எது தீர்ந்துபோயிற்று, யாருக்குக் காரம் ஆகாது, மிச்சமானதைக் கெடுவதற்குள் எதில் சேர்ப்பது என்று நாள் முழுதும் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கை எந்தக் கடிகாரமும் சரியாக அளப்பதில்லை. "நான் உதவி செய்கிறேனே" என்று சொல்லும் ஆண்கள் பெரும்பாலும் காய் நறுக்குவதைச் சொல்கிறார்கள். எந்தக் காயை, எவ்வளவு, எப்போது என்ற முடிவு அப்போதும் வேறொருவர் தலையில்தான் இருக்கிறது; உதவி என்ற சொல்லே அந்த வேலை யாருடையது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அலுவலகத்தில் ஒரு முறை, வீட்டுக்கு வந்து மறுமுறை என்று வேலைக்குப் போகும் பெண்கள் செய்யும் இந்த இரட்டை வேலைக்கு, அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1989இல் 'இரண்டாம் ஷிப்ட்' என்று பெயர் சூட்டினார். ஆலைத் தொழிலாளியின் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்ததால்தான் அந்தப் பெயர் நிலைத்தது.

இதை என்ன செய்வது என்பதில் பெண்ணியவாதிகள் ஒருபோதும் ஒரே குரலில் பேசியதில்லை. இத்தாலியின் பதுவா நகரில் 1972இல் தொடங்கிய ஓர் இயக்கம், வீட்டு வேலைக்குக் கூலி வேண்டும் என்று நேரடியாகவே கேட்டது. அவ்வியக்கத்தைச் சேர்ந்த சில்வியா ஃபெதெரிச்சி 1975இல் எழுதிய சிறு வெளியீடு, அவர்கள் அதை அன்பு என்கிறார்கள், நாங்கள் அதைக் கூலியில்லா வேலை என்கிறோம் என்று தொடங்குகிறது. மாதச் சம்பளத்தைவிட, வேலை என்று ஒப்புக்கொள்ள வைப்பதே அந்தக் கோரிக்கையின் உண்மையான நோக்கம் என்று கொள்ளலாம். வேலை என்று ஆகிவிட்டால் அதை மறுக்கவும் முடியும் அல்லவா? அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் அலுவலகம், வீடு இரண்டிலும் வேலை செய்ய மறுத்துத் தெருவுக்கு வந்தார்கள். தகப்பன்மார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். எளிதில் சமைக்கக்கூடிய சாஸேஜ் கடைகளில் தீர்ந்துபோயிற்று. நூறு கட்டுரைகளால் விளக்க முடியாத தோன்றா எழுவாயை அந்த ஒரு நாள் விளக்கிவிட்டது.

சமையலறையையே மாற்றி அமைத்தால் சுமை குறையும் என்று நம்பியவர்களும் உண்டு. வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறை, 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. எட்டு வைத்து நடக்காமல் எல்லாம் கைக்கு எட்ட வேண்டும் என்பது திட்டம். சுமார் 10,000 குடியிருப்புகளில் அது நிறுவப்பட்டது. அதை வடிவமைக்கும் வரை தான் வீட்டு நிர்வாகம் செய்ததும் இல்லை, சமைத்ததும் இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். நடை குறைந்தது உண்மைதான். ஆனால் ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அறையில் இரண்டாம் ஆள் வந்து உதவ இடமிருக்காது என்று பிற்காலப் பெண்ணியவாதிகள் குறை சொன்னார்கள். அதற்கும் முன்பே, 1898இல், ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற அமெரிக்க எழுத்தாளர் வீடுகளில் சமையலறையே வேண்டாம், சமையல் ஊதியம் பெறும் வல்லுநர்களின் தொழிலாகட்டும் என்று வாதாடியிருந்தார். அந்த ஊதியத் தொழிலில் யார் வந்து நிற்பார் என்ற கேள்விக்குத்தான் விடை எளிதாக இல்லை.

அந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியவர்கள் கறுப்பினப் பெண்ணியவாதிகள். வெள்ளையரான பெட்டி ஃப்ரீடன் 1963இல் இல்லத்தரசிகளின் மனப்புழுக்கத்தைப் பற்றி எழுதியது அமெரிக்காவைப் புரட்டிப் போட்டது. அந்த இல்லத்தரசிகள் வெளியே வேலைக்குப் போனால் அவர்கள் வீட்டில் சமைக்க வரப்போவது யார் என்று 1984இல் கறுப்பின எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் கேட்டார். காலமெல்லாம் பிறர் வீட்டு அடுப்படியில் நின்ற பெண்ணுக்குத் தன் வீட்டில் தன் பிள்ளைகளுக்குச் சமைக்கக் கிடைக்கும் நேரம் அடிமைத்தனமாகத் தோன்றாமல் போகலாம். இழிவுபடுத்தும் உலகத்திலிருந்து தப்பி மனிதராக இருக்கக்கூடிய ஒரே இடமாகக்கூட அது இருக்கலாம் என்று அவர் 1990இல் எழுதினார். சமையலறை சிறையா, புகலிடமா என்ற கேள்விக்கு, அங்கே நிற்பது யார், நிற்காமல் இருக்க அவருக்கு வழி உண்டா என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில்.

நம் மொழியிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒருவர் மிக நன்றாகச் சமைத்தால் நளபாகம் என்கிறோம். இன்னும் ஒரு படி ஏற்ற வேண்டுமானால் பீமபாகத்தைத் துணைக்கு அழைக்கிறோம். நளன், பீமன் இருவருமே உருமறைந்து வாழ்ந்த காலத்தில் பிற அரசரிடம் மடைத்தொழில் பார்த்தவர்கள். வேடம் கலைந்ததும் இருவருக்கும் கரண்டி போய்ச் செங்கோல் வந்துவிட்டது. ஆயுள் முழுதும் வேடமின்றிச் சமைத்த பெண்ணின் பெயரால் ஒரு பாகமும் இல்லை. அவருக்கு மொழி ஒதுக்கியிருப்பது, அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு என்ற பழமொழியைத்தான். 19ஆம் நூற்றாண்டு வங்கத்தில் ராஸசுந்தரி தேவி என்பவர் அந்த அடுப்படியிலேயே ஏட்டை மறைத்துவைத்து ஒருவருக்கும் தெரியாமல் வாசிக்கக் கற்று, பிறகு தன் வாழ்க்கை வரலாற்றையே எழுதி முடித்தார்.

பிற நாடுகளிலும் இதே கதைதான். கூலி கொடுத்தால் கலை, கொடுக்காவிட்டால் கடமை என்பதுபோல, பெரிய உணவகங்களின் அடுக்களை ஆண்களுடையதாகவும் வீட்டு அடுக்களை பெண்களுடையதாகவும் பிரிந்தன. விதிவிலக்குகள் உண்டு. பிரான்சின் லியோன் நகரில் யூஜெனி பிராசியே, மணமாகாமல் தாயானதற்காகத் தந்தையால் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டு, வேலைக்காரியாகத் தொடங்கியவர். 1933இல் தன் இரண்டு உணவகங்களுக்கும், உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷ்லின் வழிகாட்டியின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரங்களைத் தலா பெற்றார். ஆறு நட்சத்திரங்களை வைத்திருந்த முதல் ஆள் அவர். ஆனாலும் அவரிடம் தொழில் பயின்ற பால் போக்யூஸ் என்ற ஆணின் பெயரையே உலகம் அதிகம் அறியும்.

இனிக் குறிப்புகளுக்கு வருவோம். பெண்களுக்கு எழுத்து மறுக்கப்பட்ட காலங்களில், அவர்கள் எழுதினால் யாரும் சந்தேகப்படாத வடிவங்கள் மிகச் சில. சமையற்குறிப்பு அவற்றுள் ஒன்று. வீட்டுக்குப் பயன்படும் என்பதால் அதற்கு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியைப் பயன்படுத்திக்கொண்டு உள்ளே வேறு சரக்குகளையும் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள். மெக்சிகோ கன்னிமடத்தில் வாழ்ந்த கவிஞர் ஸோர் ஹுவானா, பெண்ணுக்கு இவ்வளவு படிப்பு ஆகாது என்று தன்னைக் கண்டித்த ஆயருக்கு 1691இல் எழுதிய பதிலில், முட்டை எண்ணெயில் ஒன்றுசேர்வதையும் சர்க்கரைப் பாகில் பிரிந்துபோவதையும் சமைக்கும்போது தான் கவனித்ததைச் சொல்லிவிட்டு, அரிஸ்டாட்டில் சமைத்திருந்தால் இன்னும் நிறைய எழுதியிருப்பார் என்று முடிக்கிறார். ஆயர் தன் கண்டனத்தை ஒரு கன்னிகாஸ்திரீயின் புனைபெயரில் எழுதியிருந்தார் என்பது தனி நகைச்சுவை.

அச்சேறிய சமையல் நூல்களிலும் எழுவாய் மறைந்தே இருந்தது. லண்டனில் 1747இல் வெளியாகிப் பல பதிப்புகள் கண்ட ஒரு நூலின் முகப்பில், ஒரு சீமாட்டி எழுதியது என்று மட்டுமே இருந்தது. பெண்ணால் இவ்வளவு ஒழுங்காக எழுத முடியாது, ஒரு மருத்துவர்தான் எழுதியிருப்பார் என்ற பேச்சு பல காலம் உலவியது. பெண்கள் நன்றாக நூல் நூற்பார்கள், நல்ல சமையல் நூல் எழுத மாட்டார்கள் என்று அகராதி தந்த சாமுவேல் ஜான்சன் சொன்னார். எழுதியவர் ஹன்னா கிளாஸ் என்ற பெண். கடனில் மூழ்கி, அந்த நூலின் உரிமையையே விற்றவர். அவர் யார் என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியானது 1938இல்தான்.

பெயரைப் போட்டவர்கள் பெயரோடு நிறுத்தவில்லை. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சான முதல் சமையல் நூல் எனப்படுவது 1796இல் வந்தது. அதன் முகப்பில் அமேலியா சிம்மன்ஸ், ஓர் அமெரிக்க அநாதை என்று இருக்கிறது. சமையல் நூலின் முகப்பில் அநாதை என்று போட்டுக்கொள்ள வேண்டிய தேவை என்ன? பின்னால் நிற்கத் தாய் தகப்பனோ கணவனோ இல்லாத பெண்ணுக்கு, தன் கைத்தொழிலும் நற்பெயருமே ஆதாரம் என்பதை முன்னுரையில் அவரே சொல்கிறார்.

இங்கிலாந்தின் எலிஸா ஆக்டனின் கதை இன்னும் சுவையானது. கவிதை எழுதியவர். 1845இல் அவர் வெளியிட்ட சமையல் நூல், ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் பொருள்களையும் அளவுகளையும் நேரத்தையும் சுருக்கித் தந்தது. இன்று நாம் வழக்கம் என்று நினைக்கும் அந்தப் பட்டியலுக்கு முன்னோடி அவர்தான். அந்த நூலில் இரண்டு புட்டிங் குறிப்புகள் உள்ளன. ஒன்றின் பெயர் பதிப்பாளர் புட்டிங். பாதாம், பாலேடு, உலர்பழங்கள், பிராந்தி என்று அடுக்கிக்கொண்டே போய், இதில் எவ்வளவு செழிப்பைச் சேர்த்தாலும் தகும் என்கிறார். மற்றொன்றின் பெயர் ஏழை எழுத்தாளர் புட்டிங்: பால், கொஞ்சம் சர்க்கரை, மூன்று முட்டை, மேலே மூட வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகள், அவ்வளவுதான். புத்தக வியாபாரத்தில் யார் கொழுத்தார், யார் இளைத்தார் என்பதை இரண்டு இனிப்புகளில் இவ்வளவு நாசூக்காகச் சொன்னவர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை. 1861இல் புகழ்பெற்ற இசபெல்லா பீட்டனின் பெருநூல் ஆக்டனிடமிருந்து ஏராளமாக எடுத்துக்கொண்டது, பெயர் சொல்லாமலேயே. எடுத்துக்கொண்டவரும் பெண் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த இளம்பெண் 28 வயதில் பிரசவத்துக்குப் பின் காய்ச்சலில் இறந்துபோனார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சொந்தக் கதையையும் குறிப்பையும் ஒரே கட்டுக்குள் வைத்தவர்களில் இருவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மலிண்டா ரஸல் டென்னசி மாநிலத்தில் அடிமையாக இல்லாமல் பிறந்த கறுப்பினப் பெண். பலகாரக் கடை நடத்திச் சேர்த்த பணத்தை உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஆயுதக் கும்பல் பறித்துக்கொள்ள, ஊனமுற்ற மகனோடு மிச்சிகன் மாநிலத்துக்குத் தப்பி வந்தார். ஊர் திரும்பப் பணம் திரட்டுவதற்காக 1866இல் ஒரு சிறு சமையல் நூலை அச்சிட்டார். நூல், ஆசிரியரின் வாழ்க்கைச் சுருக்கத்தோடு தொடங்குகிறது. தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஃபேனி ஸ்டூவர்ட் என்ற கறுப்பினச் சமையற்காரரின் பெயரை அவர் அங்கே எழுதி வைக்கிறார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஃபேனி ஸ்டூவர்ட் என்ற ஒருவர் சமைத்தார் என்பதே நமக்குத் தெரிய வந்திருக்காது.

மற்றவர் ஏபி ஃபிஷர். அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிய நூலின் பெயரே 'திருமதி ஃபிஷருக்குத் தெரிந்தது' என்றுதான் தொடங்குகிறது. எழுதியவர்களுக்கு அவர் நாட்டுப்புறச் சொற்கள் பிடிபடவில்லை. சோளமும் பீன்ஸும் சேர்ந்த பண்டத்தைச் சக்கோட்டாஷ் என்று அவர் சொன்னது சர்க்யூட் ஹாஷ் என்று அச்சாகிவிட்டது. ஒரு பிழையில் இரண்டு பேரும் தெரிகிறார்கள்: சொன்னவர் ஒருவர், கேட்டும் புரியாதவர் மற்றவர். கைக்குழந்தைக்கான கூழ் ஒன்றைச் சொல்லும்போது, நான் பதினொரு பிள்ளைகளைப் பெற்று அத்தனை பேரையும் இந்த உணவைக் கொடுத்தே வளர்த்தேன் என்கிறார். குறிப்புக்குச் சான்றிதழ் வேண்டுமே என்று போட்ட வாக்கியம்தான். அடிமைமுறை பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து விற்ற நாட்டில், அத்தனை பேரையும் வளர்த்தேன் என்று ஒரு தாய் சொல்வதன் கனம் படிக்கிறவருக்கு மெல்லத்தான் உறைக்கும்.

சமைக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் எழுதப்பட்ட குறிப்புகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் செக் நாட்டின் டெரெசின் நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே பட்டினியில் கிடந்த பெண்கள் தங்களுக்கு நினைவிருந்த பக்குவங்களை ஒருவருக்கொருவர் சொல்லி, கிடைத்த தாள்களில் எழுதினார்கள். சில குறிப்புகளில் படிகள் விட்டுப்போயிருக்கின்றன, சிலவற்றில் பொருள்கள் விட்டுப்போயிருக்கின்றன. பசித்த மூளை எழுதியது என்பது அந்த விடுபடல்களிலேயே தெரிகிறது. மினா பெக்டர் என்பவர் 1944இல் அங்கே இறக்குமுன் அந்தத் தாள்களை ஒரு நண்பரிடம் கொடுத்து, எப்படியாவது என் மகளிடம் சேர்த்துவிடுங்கள் என்றார். கைமாறிக் கைமாறி, கால் நூற்றாண்டு கழித்து அவை நியூயார்க்கில் மகளின் கையில் வந்து சேர்ந்தன. 1996இல் அச்சாயின. அதைப் பார்த்துச் சமைக்க வேண்டும் என்று யாரும் அச்சிடவில்லை. தனக்கு வீடு இருந்தது, விருந்தினர் வந்தார்கள், தன் கைப்பக்குவத்துக்கு ஒரு பெயர் இருந்தது என்று தன்னை எண்ணாக்கியவர்களுக்கு எதிராக ஒரு பெண் எழுதிய சாட்சியம் அது.

அரசியலுக்கும் குறிப்பு நேரடியாகவே பயன்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்கள், 1886இல் பாஸ்டனில் தொடங்கி, இயக்கத்துக்குப் பணம் சேர்க்கச் சமையல் நூல்களை விற்றார்கள். வாக்குக் கேட்கும் பெண் வீட்டைக் கவனிக்க மாட்டாள் என்ற வசவுக்கும் அது பதிலாயிற்று. 1915இல் பிட்ஸ்பர்க்கில் வந்த நூலில், ஐயப்படும் கணவனுக்கான 'பை' (மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடும் பண்டம்) ஒன்று உண்டு. மனித நேயம் என்னும் பால், அதோடு குழந்தைத் தொழில், நஞ்சான குடிநீர், கலப்பட உணவு, போர் என்று காரணங்களைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, மேல் ஓட்டைக் கடுமையாகக் கையாளாதீர்கள், சட்டென்று புளித்துவிடும் என்று எச்சரிக்கிறது. மேல் ஓடு என்பது மேல்தட்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்விளையாட்டு. அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் 1955-56இல் கறுப்பின மக்கள் இனப் பாகுபாடு காட்டிய பேருந்துகளைப் புறக்கணித்தபோது, ஜார்ஜியா கில்மோர் தன் தோழிகளோடு சமைத்து விற்ற பணம் மாற்று வண்டிகளுக்குப் பெட்ரோலாயிற்று. தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'எங்கிருந்தும் வராத சங்கம்'. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லலாம் அல்லவா. வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்த சமையற்காரர்களின் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். பெண்களை மறைத்த அதே தோன்றா எழுவாயை அவர்கள் இங்கே கேடயமாகத் தூக்கிப் பிடித்தார்கள்.

சமையற்குறிப்போடு சொந்தக் கதை எழுதும் பெண்களைப் பார்த்து, கதை எதற்கு, அளவைச் சொல் என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவசரத்துக்குப் படிக்கிறவரின் சலிப்பு நியாயமானதுதான். அடுப்பில் எண்ணெய் புகையும்போது யாருக்கும் இன்னொருவரின் பாட்டியைப் பற்றிப் படிக்கப் பொறுமை இருக்காது. ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் வேடிக்கை என்னவென்றால், பொருள்களின் வெறும் பட்டியலுக்கு அது பாதுகாப்புத் தருவதில்லை. அதைச் சுற்றி ஒருவர் தன் சொந்த நடையில் எழுதும் விளக்கத்துக்குத்தான் தருகிறது. வாசகர் தாண்டிப் போக நினைக்கும் பகுதி மட்டுமே, சட்டத்தின் கண்ணில் எழுதியவருக்குச் சொந்தம். அளவைத் திருடலாம், பாட்டியைத் திருட முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பாட்டியின் கைமணம், அம்மாவின் அன்பு என்று உருகி உருகி எழுதுவதாலேயே ஒன்று பெண்ணியமாகிவிடாது. அந்தக் கைமணத்துக்காக அவர் என்னென்ன விட்டார் என்று கேட்காத உருக்கம், அவரை அடுப்படியிலேயே நிறுத்திவைக்கும் இன்னொரு வழி. வசதியுள்ள வீட்டுத் தலைவி தன் பெயரில் எழுதி வைத்த நோட்டில், உண்மையில் சமைத்த வேலைக்காரப் பெண்ணின் பக்குவம் பெயரில்லாமல் ஏறியிருப்பதும் நடந்த ஒன்றுதான். ஆகவே எழுவாயைத் தேடும்போது, முதலில் அகப்படும் பெயரோடு நின்றுவிடாமல் அதற்குப் பின்னால் இன்னொருவர் நிற்கிறாரா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கைப்பட எழுதிய பழைய நோட்டு ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டாம். எண்ணெய்க் கறை ஏறி, ஒளிபுகும் அளவுக்குத் தாள் மெலிந்த பக்கம்தான் அதிகம் சமைக்கப்பட்டது. மொடமொடப்பு மாறாத பக்கங்கள் ஆசைப்பட்டு எழுதி, நேரமோ பொருளோ வாய்க்காமல் விட்டவை. அளவை அடித்துவிட்டு வேறு மையில் குறைத்து எழுதியிருந்தால், கையிருப்பு குறைந்த காலமோ வீட்டில் யாருக்கோ வந்த நோயோ காரணமாக இருக்கும். ஓரத்தில் ஒரு பெயர் இருந்தால் விடாதீர்கள், அவர்தான் கற்றுக்கொடுத்தவர். என் வீட்டு நோட்டில் ஒரு குறிப்பின் கீழே, "அவள் சொன்னபடி செய்தால் உப்பு தூக்கிவிடுகிறது, அவளிடம் சொல்ல வேண்டாம்" என்று இருக்கிறது. அந்த அவள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது யாரும் இல்லை.

அதனால்தான், நோட்டு ஏதும் எழுதாமல் கண்ணளவிலேயே காலம் தள்ளிய என் பெரியம்மாவின் பக்கத்தில் தராசோடு போய் உட்கார்ந்தேன். அவர் கை அள்ளுவதைத் தட்டில் கொட்டச் சொல்லி, நிறுத்து எழுதிக்கொண்டேன். மூன்று முறை அள்ளியதிலும் எடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் அளவு எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது. "இது எத்தனை பேருக்குப் பெரியம்மா?" என்றேன். "பதினோரு பேருக்கு" என்றார், யோசிக்காமல். இப்போது அந்த வீட்டில் இரண்டே பேர். ஆனாலும் அவர் மனத்தில் அளவு பதினொன்றில்தான் பதிந்திருக்கிறது. தினமும் அதிலிருந்து குறைத்துக் குறைத்துத்தான் சமைக்கிறார். எல்லாரும் சேர்ந்திருந்த காலத்தில் வீட்டில் இருந்தவர்களை இருவருமாக விரல்விட்டு எண்ணினோம். பன்னிரண்டு வந்தது. யாரையோ இரண்டு முறை எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினோம். பன்னிரண்டுதான். "அப்ப உங்களைச் சேர்க்காம பதினொன்னா?" என்று கேட்டேன். "எனக்குன்னு யாரு அளந்து போட்டா? இருக்கறதத் தின்னுக்கறதுதான்" என்றார். நான் நோட்டில் பதினொன்றை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார். "அப்படி எழுதாதேம்மா, உப்புக் கணக்குத் தப்பிப்போகும்."